பொது ஆவணங்களைக் கொண்டு உருவாக்கிய வரைபடத் தரவு: யாருக்கு எவ்வளவு உரிமை?

எனக்கு எழுதிக் கேட்டவர்களின் கேள்வி சுருக்கமாக இதுதான்; பதிலில் "நீங்கள்" என்று சொல்வது அவர்களைத்தான். நான்கு பேர் கொண்ட ஒரு குழு அரசின் பழைய நில அளவைத் தாள்கள், இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் படங்கள், தன்னார்வலர்கள் இணையத்தில் சேர்ந்து உருவாக்கும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடம் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்து, மூன்று வருடம் உட்கார்ந்து ஏரி, குளம், ஓடைகளின் எல்லைத் தரவு ஒன்றை உருவாக்கியிருக்கிறது. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று கோப்பை இணையத்திலும் வைத்தார்கள். ஒரு நிறுவனம் அதை அப்படியே எடுத்துத் தன் கட்டண மென்பொருளில் சேர்த்துவிட்டது. கேட்டால், "எல்லாமே பொது ஆவணத்திலிருந்து எடுத்ததுதானே, உங்களுக்கு இதில் என்ன உரிமை?" என்கிறார்கள். சட்டத்தில் பாதுகாப்பு உண்டா?

உண்டு. ஆனால் குழு நம்பிக்கொண்டிருப்பது மூன்று வருட உழைப்பை. பல நாடுகளின் பதிப்புரிமைச் சட்டத்தில் அந்த உழைப்புக்குத் தனியாக மதிப்பெண் கிடையாது. நிறுவனம் பிடித்துக்கொண்டிருப்பது மூலம் பொதுவானது என்ற வாதத்தை. அதுவும் கேள்வியை முடித்துவைக்கிற பதில் இல்லை. நீதிமன்றம் கேட்பது வேறு ஒன்று: இந்தக் கோடு இங்கே ஏன் போகிறது, அதை முடிவு செய்தது யார்?

நான் வழக்கறிஞர் இல்லை. ஜிஐஎஸ் எனப்படும் கணினி வரைபடத் தரவுகளின் உரிம நிபந்தனைகளைப் படித்து "இதைச் சேர்க்கலாம், இதைத் தொடாதே" என்று சொல்லும் வேலையில் பல வருடம் இருந்தவன். வழக்கு என்ற கட்டம் வந்தால் உங்கள் நாட்டுச் சட்டம் தெரிந்தவரிடம்தான் போக வேண்டும்.

முதலில் ஒரு சொல் விஷயம். நம்மில் பலர் இந்த மாதிரிப் பேச்சில் "காப்புரிமை" என்று எழுதுகிறோம். அது கண்டுபிடிப்புகளுக்குத் தரும் பேட்டன்ட். இங்கே பேச்சு பதிப்புரிமையைப் பற்றியது, ஐரோப்பாவில் அதோடு சேர்ந்து வரும் தரவுத்தள உரிமையைப் பற்றியது. நிறுவனத்துக்கு எழுதும் கடிதத்தில் இந்தச் சொல்லை மாற்றிப் போட்டுவிட்டால், முதல் வரியிலேயே எதிர்த்தரப்பு வக்கீல் உங்களை எடைபோட்டுவிடுவார்.

உழைப்புக்கு மதிப்பில்லை என்று சொன்னதற்கு அடிப்படை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991-இல் ஃபைஸ்ட் வழக்கில் தந்த தீர்ப்பு. கான்சஸில் ரூரல் என்ற தொலைபேசி நிறுவனம் தன் சந்தாதாரர்களின் பெயர், ஊர், எண் அடங்கிய புத்தகத்தை வெளியிட்டது. பல பகுதிகளைச் சேர்த்துப் பெரிய புத்தகம் போடும் ஃபைஸ்ட் நிறுவனம் அனுமதி கேட்டது, ரூரல் மறுத்தது, ஃபைஸ்ட் எடுத்துக்கொண்டது. ஃபைஸ்ட் புத்தகத்தின் 46,878 பதிவுகளில் 1,309 ரூரலின் பதிவுகளோடு அப்படியே பொருந்தின. அவற்றில் நான்கு, திருட்டைப் பிடிக்க ரூரல் வேண்டுமென்றே நுழைத்த பொய்ப் பதிவுகள். கையும் களவுமாகப் பிடிபட்டும் ஃபைஸ்ட்தான் ஜெயித்தது. தகவல் யாருக்கும் சொந்தமில்லை. அதைத் திரட்டப் பட்ட பாடு உரிமை ஆகாது. தேர்விலோ அடுக்கிய முறையிலோ துளியாவது சொந்தப் படைப்பு இருந்தால் அந்தத் துளிக்கு மட்டுமே பாதுகாப்பு. பெயர்களை அகரவரிசையில் போடுவது அந்தத் துளிக்குக்கூடத் தேறவில்லை.

இந்திய உச்ச நீதிமன்றமும் 2007-இல் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் ஏறக்குறைய அதே பக்கம் வந்து நின்றது. தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடும் பதிப்பகம், நீதிமன்றம் எழுதிய மூலத்தில் செய்த சில்லறைத் திருத்தங்களுக்கு உரிமை கோரியது. வெறும் உழைப்பும் முதலீடும் போதாது, திறமையும் தீர்மானமும் தெரிய வேண்டும், கொஞ்சம் படைப்புத்தன்மையும் வேண்டும் என்றது நீதிமன்றம். பத்தி பிரித்து எண் போட்டது போன்ற சில இடங்களில் அந்தத் தீர்மானம் இருப்பதாக ஒப்புக்கொண்டது; மற்றதை விட்டது.

இதையெல்லாம் படித்துவிட்டுப் பலர் சோர்ந்து போவார்கள். தேவையில்லை. வரைபடம் தொலைபேசிப் புத்தகம் இல்லை. அமெரிக்காவின் முதல் பதிப்புரிமைச் சட்டம் 1790-இல் வந்தபோது பாதுகாப்புத் தந்தது மூன்று வகைப் படைப்புகளுக்கு: வரைபடங்கள், கடல் வழிப்படங்கள், புத்தகங்கள். இந்தியச் சட்டத்தில் வரைபடம் கலைப்படைப்பு என்ற வரையறைக்குள் வருகிறது, கணினித் தரவுத்தளம் இலக்கியப் படைப்புக்குள் வருகிறது. உங்கள் பாலிகன் (எல்லையை மூடிய கோடாகக் காட்டும் வடிவம்) கோப்பு இரண்டில் எது என்று கேட்டால் வக்கீல்களுக்குள்ளேயே நல்ல சண்டை மூட்டலாம்.

உங்கள் கதைக்கு மிக நெருக்கமாக நான் பார்த்தது 1992-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றில் முடிந்த மேசன் வழக்கு. டெக்சஸில் மாண்ட்கோமரி கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) முழுவதற்கும் மேசன் என்பவர் 1967 முதல் 1969 வரை 118 நில உடைமை வரைபடங்களைப் போட்டார். அவருக்கு மூலம் எல்லாமே அடுத்தவர் ஆவணம்: வரிப் பதிவேடு, பத்திரங்கள், மாநில அரசின் அளவைப் பதிவுகள், அடிப்படைக்கு அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையான யுஎஸ்ஜிஎஸ் போட்ட நிலவரைபடம். பிறகு ஒரு நிறுவனம் அந்த வரைபடத் தொகுப்பை வாங்கி, வேறு விதமாக வெட்டி ஒட்டி, மேலே தன் அடுக்குகளைப் போட்டு நில உரிமைத் தேடல் சேவை நடத்தியது. முன்னதாக மேசனிடம் அனுமதி கேட்டிருந்தது. நிறுவனத்துக்கு உரிமக் கட்டணம் தர மனமில்லாததால் அவர் மறுத்திருந்தார்.

கீழ் நீதிமன்றம் மேசனுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. சட்டம் சொன்ன எல்லைகளை வரைபடத்தில் போட ஒரே வழிதான் இருக்கிறது, கருத்தும் அதை வெளிப்படுத்தும் விதமும் ஒன்றாகிவிட்டன, ஆகவே பாதுகாப்பில்லை என்பது அதன் வாதம். மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. காரணம் எளிமையானது: அதே கவுண்டிக்கு, அதே மாதிரி மூலங்களை வைத்து வேறு சிலர் போட்ட வரைபடங்களும் இருந்தன; அவை மேசனுடையவற்றோடு ஒத்துப்போகவில்லை. மூலங்கள் ஒன்றோடொன்று முரண்பட்டன. எதை நம்புவது, எதை விடுவது, இரண்டு பத்திரங்களுக்கு நடுவே கோட்டை எங்கே நிறுத்துவது என்று மேசன்தான் முடிவு செய்தார். அந்த முடிவுகள் அவருடையவை. வரைபடத்துக்குப் பாதுகாப்பு உண்டு என்று தீர்ப்பானது.

பக்கத்திலேயே இன்னொரு வழக்கை வைத்துப் பாருங்கள். வீட்டு மதிப்பீட்டாளர்களுக்கான இணையதளம் ஒன்று, அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் கறுப்பு வெள்ளை எல்லைக்கோட்டு வரைபடங்களை எடுத்து நிறம், நிழல், எழுத்து சேர்த்தது. பதிப்புரிமை அலுவலகம் பதிவு செய்ய மறுத்தது. 2007-இல் டார்டன் வழக்கில் நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அழகுபடுத்துவது எல்லாரும் செய்வது. கோடுகள் கணக்கெடுப்புத் துறையுடையவை. மேசனுக்கும் இதற்கும் மூலத்தைப் பொறுத்தவரை வித்தியாசமே இல்லை, இரண்டும் பொது ஆவணம். மேசன் கோட்டைத் தீர்மானித்தார். இவர்கள் கோட்டுக்கு வண்ணம் அடித்தார்கள்.

பழைய அமெரிக்கத் தீர்ப்பு ஒன்று, 1951-இல் வந்தது, வரைபடம் போட்டவர் தானே களத்துக்குப் போய் அளந்திருக்க வேண்டும், பிற வரைபடங்களைத் தொகுத்தால் பாதுகாப்பில்லை என்றது. இன்றும் சிலர் அதைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். 1978-இல் ஹாமில்டன் வழக்கில் இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வழியை ஏற்கவில்லை; இருப்பதைத் தேர்ந்து புதுவிதமாகத் தொகுப்பதும் படைப்பாகலாம் என்றது. மேசன் தீர்ப்பும் அந்தத் திசையில்தான் போகிறது. ஆகவே "நீங்கள் களத்துக்கே போகவில்லையே" என்று நிறுவனம் சொன்னால் பதறாதீர்கள்.

இனி உங்கள் கோப்புக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய விளக்கத்தை வைத்து ஒரு ஏரியைக் கற்பனை செய்துகொள்கிறேன். பழைய அளவைத் தாளில் கரை வளைந்து ஓடி மேற்கே ஒரு மதகில் முடிகிறது. மழைக்காலச் செயற்கைக்கோள் படத்தில் தண்ணீர் மதகையும் தாண்டி நிற்கிறது. கோடைப் படத்தில் பாதி ஏரி இல்லை, நடுவே வண்டல் திட்டு தெரிகிறது. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் யாரோ நாணல் விளிம்பை ஒட்டி ஒரு பாலிகன் போட்டிருக்கிறார்கள். பதிவேட்டில் இருக்கும் பரப்பளவு இந்த நான்கில் எதோடும் ஒட்டவில்லை. ஏரிக்கு வரும் வாய்க்காலின் கடைசி இருநூறு மீட்டர் ஏரியா, ஓடையா? திட்டைத் துளையாக வெட்டுவதா, நீராகவே விடுவதா? நீங்கள் கரையின் உயரத்தை வைத்து முழுக் கொள்ளளவுக் கோட்டை எல்லையாக எடுத்தீர்கள், வாய்க்காலைத் தனி அடுக்குக்குத் தள்ளினீர்கள், திட்டை விட்டுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வேறொருவர் இதே நான்கு மூலங்களை எடுத்து வேறொரு ஏரியைப் போட்டிருப்பார். அந்த இடைவெளிதான் உங்களுடையது.

இப்போது எதிர்ப்பக்கம். மூன்று மூலமும் ஒரே கோட்டைக் காட்டும் குளத்தை நீங்கள் பார்த்து வரைந்தால், யார் வரைந்தாலும் அதே கோடுதான் வரும். அங்கே உங்களுக்கு எதுவும் இல்லை. 1990-இல் கெர்ன் ரிவர் வழக்கில் இப்படித்தான் நடந்தது: யுஎஸ்ஜிஎஸ் வரைபடத்தின் மேல் எரிவாயுக் குழாய்ப் பாதையைக் கோடாகப் போட்டதற்குப் பாதுகாப்புக் கேட்டார்கள், அந்தப் பாதையைக் காட்ட வேறு வழியே இல்லை என்று நீதிமன்றம் மறுத்தது. அதேபோல, படத்தில் தண்ணீர் இருப்பதைக் காட்டும் நீர்க் குறியீட்டெண் ஒரு அளவைத் தாண்டினால் நீர் என்று ஸ்கிரிப்ட் ஓட்டி எடுத்த பாலிகன்கள். ஸ்கிரிப்டுக்கு உரிமை இருக்கலாம். அது துப்பிய கோட்டுக்கு இருக்கிறது என்று வாதிடுவது மிகக் கடினம், ஏனென்றால் மனிதர் செய்த படைப்புக்குத்தான் பதிப்புரிமை என்பதில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் உறுதியாக நிற்கிறது.

ஆக, உங்கள் தரவின் பல்லாயிரம் பாலிகன்களில் பாதுகாப்பு ஒரே சீராகப் பரவியிருக்காது. சிக்கலான இடங்களில் திட்டுத் திட்டாக நிற்கும். நிறுவனம் முழுக் கோப்பையும் எடுத்திருப்பது உங்களுக்குச் சாதகம். சுலபமான குளங்களை மட்டும் பொறுக்கி எடுத்திருந்தால் பிடிப்பதே கஷ்டம்.

இன்னொரு எச்சரிக்கையும் இங்கேயே. உங்கள் தொகுப்புக்கு உரிமை கிடைத்தாலும், அதற்குள் இருக்கும் பொதுத் தகவலுக்கு அதை வைத்துப் பூட்டுப் போட முடியாது. வரி மதிப்பீட்டாளர்கள் திரட்டிய சொத்து விவரங்கள் ஒரு தனியார் மென்பொருளின் வடிவத்தில் இருந்தன. வயர்டேட்டா என்ற நிறுவனம் அந்த விவரத்தை மட்டும் கேட்டது. மென்பொருள்காரர் பதிப்புரிமையைக் காட்டித் தடுக்கப் பார்த்தார். 2003-இல் அமெரிக்க நீதிபதி போஸ்னர் அதைத் தாட்சண்யமில்லாமல் நிராகரித்தார். அந்த நிறுவனம் உங்கள் மூலத் தாள்களுக்கே நேரடியாகப் போய்த் தன் கோடுகளைத் தானே போட்டால், நீங்கள் வேடிக்கைதான் பார்க்க வேண்டும். அது நியாயமும்கூட என்பது என் எண்ணம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் கதை வேறு. 1996-ஆம் ஆண்டின் தரவுத்தள நெறிமுறை, பதிப்புரிமை இல்லாவிட்டாலும், தரவைப் பெறுவதில், சரிபார்ப்பதில், ஒழுங்குபடுத்திக் காட்டுவதில் கணிசமான முதலீடு இருந்தால் 15 வருட உரிமை தருகிறது. பெரிய அளவில் புதுப்பித்தால் அந்த வடிவத்துக்குப் புதிதாக 15 வருடம். அமெரிக்காவில் குப்பைக்குப் போகும் உழைப்புக்கு இங்கே பெயர் உண்டு. ஆனால் 2004-இல் பிரிட்டனின் குதிரைப் பந்தய வாரியம் வில்லியம் ஹில் என்ற பந்தயச் சூதாட்ட நிறுவனத்தின் மீது போட்ட வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு முக்கியமான கோடு கிழித்தது: இருக்கும் தரவைத் தேடித் திரட்டிய செலவுதான் கணக்கு, தரவைத் தானே உருவாக்கிய செலவு கணக்கில் வராது. பந்தய அட்டவணையை வாரியமே உருவாக்கியதால் தோற்றது. பொது மூலங்களைத் தேடி, ஒப்பிட்டு, சரிபார்த்த உங்களுக்கு இந்தக் கோடு சாதகம். வினோதம்தான்: அமெரிக்காவில் "இது எங்கள் படைப்பு" என்று சொல்ல வேண்டும், ஐரோப்பாவில் "இது எங்கள் படைப்பில்லை, தேடி எடுத்தது" என்று சொல்ல வேண்டும். இரண்டு ஊருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பிவிடாதீர்கள்.

அச்சிட்ட வரைபடம் தரவுத்தளமா என்ற சந்தேகத்தையும் 2015-இல் அதே நீதிமன்றம் தீர்த்துவிட்டது. ஜெர்மனியின் பவேரியா மாநிலம் 1:50,000 நிலவரைபடங்களை வெளியிட்டது. எஸ்டர்பவுவர் என்ற பதிப்பகம் அவற்றை ஸ்கேன் செய்து, வேண்டிய விவரங்களை உருவி, சைக்கிள் ஓட்டிகளுக்கும் மலைப்பாதை சைக்கிள்காரர்களுக்கும் வழிகாட்டி வரைபடம் போட்டது. வரைபடத்திலிருந்து தனியாகப் பிரித்தெடுத்த புவியியல் விவரம் அடுத்தவருக்குப் பயன்படுகிற அளவுக்குத் தன் பொருளை வைத்துக்கொண்டிருக்கிறது, ஆகவே அது தரவுத்தளத்தின் தனி அலகாகலாம் என்றார்கள். காகித வரைபடத்துக்கே இப்படி என்றால் ஒவ்வொரு வடிவத்தின் விவரங்களும் அடங்கிய பண்புக்கூறு அட்டவணையோடு வரும் பாலிகன் கோப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் இந்த உரிமை ஒன்றிய நாடுகளின் குடிமக்களுக்கும் அங்கே வசிப்பவர்களுக்கும் அங்கே நிறுவனம் வைத்திருப்பவர்களுக்கும்தான். உங்கள் குழு வெளியே இருந்தால் இந்தக் கதவு திறக்காது.

இதுவரை பேசியது உங்களிடமிருந்து எடுத்தவரைப் பற்றி. நீங்கள் யாரிடமிருந்து எடுத்தீர்கள் என்பதுதான் எனக்கு அதைவிடப் பெரிய கவலை.

"பொது ஆவணம்" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று பொருள்களை நாம் அடைத்து வைத்திருக்கிறோம். யாரும் போய்ப் பார்க்கலாம் என்பது ஒன்று. காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம் என்பது இன்னொன்று. எடுத்து மாற்றி வெளியிடலாம் என்பது மூன்றாவது. முதல் இரண்டும் இருந்து மூன்றாவது இல்லாமல் போவது சர்வசாதாரணம். அமெரிக்க மத்திய அரசு உருவாக்கியதற்கு அந்த நாட்டுச் சட்டத்திலேயே பதிப்புரிமை கிடையாது. அந்த அரசின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008 முதல் இலவசம். ஆனால் அதே நாட்டில் கவுண்டி என்று வந்தால் குழப்பம்: 2001-இல் நியூயார்க்கின் சஃபோக் கவுண்டி தன் வரி வரைபடங்களுக்கு உரிமை கோரலாம் என்று தீர்ப்பு வந்தது, 2009-இல் கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாரா கவுண்டி தன் ஜிஐஎஸ் அடிப்படை வரைபடத்துக்கு அப்படிக் கோர முடியாது என்று தீர்ப்பு வந்தது. இந்தியாவில் அரசுப் படைப்புக்கு அரசே முதல் உரிமையாளர், வெளியான பின் 60 வருடம்.

பதிவு அலுவலகத்தில் கிடக்கும் நில அளவைத் தாளுக்கு உரிமை யாருக்கு என்று பார்த்தால் இன்னும் சுவாரசியம். ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2008-இல், அளவையாளர் வரைந்த தாள் அரசுப் பதிவேட்டில் சேர்ந்த பிறகும் அவருடைய உரிமை போய்விடவில்லை, அரசு நகல் எடுத்துப் பயன்படுத்தினால் பணம் தர வேண்டும் என்றது. கனடா உச்ச நீதிமன்றம் 2019-இல் கீட்லி வழக்கில் அதே மாதிரித் தாள்களுக்கு, பதிவேட்டில் வைத்து வெளியிடும்போது அரசின் கட்டுப்பாட்டில் வெளியாவதால் உரிமை அரசுக்கே என்றது. ஒரே தொழில், ஒரே மாதிரித் தாள், இரண்டு நாடு, இரண்டு சொந்தக்காரர்.

அப்படியானால் உங்கள் பழைய அளவைத் தாள்களில் ஒவ்வொரு தொகுப்புக்கும் ஆண்டு என்ன, வெளியிட்டது யார், காலம் தீர்ந்ததா, எந்த நிபந்தனையோடு உங்களுக்குத் தந்தார்கள் என்று தெரிய வேண்டும். பிரிட்டனில் 77எம் என்ற நிறுவனம் முகவரிகளின் இருப்பிடத் தரவுத்தளம் ஒன்றைப் பல்வேறு பொது மூலங்களிலிருந்து கட்டியது. 2019-இல் அந்நாட்டு அரசின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயுடன் நடந்த வழக்கில், பயன்படுத்திய மூலங்கள் சிலவற்றில் உரிம வரம்பைத் தாண்டியதாகவும் ஆர்ட்னன்ஸ் சர்வேயின் தரவுத்தள உரிமையை மீறியதாகவும் முடிவானது. அவர்கள் ஒளித்துத் திருடவில்லை. ஒவ்வொன்றையும் திறந்த வாசல் வழியாகத்தான் எடுத்தார்கள். ஆனால் சில வாசல்களுக்குப் பின்னால் வேறொருவரின் தரவு கலந்திருந்தது.

சரி, ஓபன்ஸ்ட்ரீட்மேப். உங்கள் கேள்வியில் போகிற போக்கில் ஒரு சொல்லாக வந்திருக்கிறது. முழு விஷயமும் அதில்தான் மாட்டியிருக்கிறது. 2004-இல் தொடங்கிய அந்தத் திட்டம் முதலில் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொதுப் பகிர்வு உரிமத்தில் இருந்தது. ஃபைஸ்ட் மாதிரித் தீர்ப்புகள் இருக்கும் நாடுகளில் அந்த உரிமம் தரவுக்கு நிற்குமா என்ற கவலையால்தான் 2012 செப்டம்பரில் ஓடிபிஎல் உரிமத்துக்கு மாறினார்கள். பதிப்புரிமை, தரவுத்தள உரிமை, ஒப்பந்தம் என்று மூன்று கயிற்றையும் சேர்த்து முறுக்கிய உரிமம் அது. அதன்படி, அந்தத் தரவிலிருந்து இன்னொரு தரவுத்தளத்தை உருவாக்கிப் பொதுவில் விட்டால் அதையும் ஓடிபிஎல்-லிலேயே விட வேண்டும். படமாக அச்சடித்துத் தந்தால் அந்தப் படத்துக்கு இந்தக் கட்டாயம் இல்லை, மூலத்தின் பெயரைச் சொன்னால் போதும். ஒன்றோடொன்று கலக்காமல் தனி அடுக்குகளாகப் பக்கத்தில் வைத்திருந்தாலும் கட்டாயம் இல்லை. ஆனால் அவர்கள் பாலிகனை எடுத்து நீங்கள் விளிம்பைத் திருத்தியிருந்தால், அது கலந்துவிட்டது.

இந்த வலி எனக்குத் தெரியும். ஒரு சாலைத் தரவுத் திட்டத்தில் நாங்கள் மூன்று மூலங்களைச் சேர்த்தோம், எந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்று ஒரு நெடுவரிசை வைக்கவில்லை. "எல்லாம் நமக்குத் தெரியும்தானே" என்ற எண்ணம். வாங்க வந்தவரின் வக்கீல் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: உங்கள் தரவில் எத்தனை சதவீதம் பகிர்வுக் கட்டாயமுள்ள மூலத்திலிருந்து வந்தது? எங்களால் சொல்ல முடியவில்லை. பழைய பேக்கப்புகளைத் தோண்டி, கோடுகளின் முனைப்புள்ளிகளை ஒப்பிட்டுப் பிரித்துப் பார்த்தோம். ஏழாவது தசம இடம் வரை ஒத்துப்போன கோடுகள் வரிசையாக வந்துகொண்டே இருந்தன. கடைசியில் விற்பனை நின்றுபோனது. பாதிச் சாலைகளை முதலிலிருந்து வரைந்தோம்.

உங்கள் நிலைமையில் இதன் விளைவு என்ன? கலந்திருந்தால், நீங்கள் எழுதி வைத்த உரிமம் என்னவாக இருந்தாலும் அந்தப் பகுதியை ஓடிபிஎல்-லில்தான் தந்திருக்க வேண்டும். அப்போது நிறுவனம் காசுக்கு விற்பதைத் தடுக்க முடியாது. அந்த உரிமம் வணிகப் பயன்பாட்டை அனுமதிக்கிறது. கேட்கவே கசப்பாக இருக்கும். ஆனால் அதே உரிமம் அவர்களையும் கட்டும். உங்கள் பெயரையும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் பெயரையும் சொல்ல வேண்டும், உங்கள் தரவில் அவர்கள் ஏதாவது சேர்த்துத் திருத்தித் தரவுத்தளமாகப் பயன்படுத்தினால் அந்தத் திருத்திய தரவுத்தளத்தை அதே உரிமத்தில் தர வேண்டும். கட்டண மென்பொருள் விற்பவருக்குக் கடைசி நிபந்தனை கசக்கும். "விற்காதே" என்று கத்துவதைவிட, "விற்றுக்கொள், ஆனால் திருத்திய தரவைத் திறந்து வை" என்று கேட்பது பலமான கோரிக்கை. முன்னதாக நீங்களே உங்கள் தளத்தில் உரிமத்தைச் சரியாகத் திருத்தி எழுதியிருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இறக்கும் முன் "இந்த நிபந்தனைகளை ஏற்கிறேன்" என்று சொல்ல வைத்திருந்தால், பதிப்புரிமை இல்லாத தரவுக்கும் அது நிற்கலாம். 1996-இல் புரோசிடி வழக்கில் தொலைபேசி எண்கள் அடங்கிய சிடிக்கு நின்றது. ஐரோப்பாவில் 2015-இல் ரையன்ஏர் வழக்கும் அந்தப் பக்கமே. ஆனால் ஒப்பந்தம் கையெழுத்திட்டவரை மட்டுமே கட்டும். அவரிடமிருந்து மூன்றாவது ஆள் வாங்கியிருந்தால் கயிறு அறுந்துவிடும். உங்களுடையது நேரடி இணைப்பு, "ஏற்கிறேன்" என்று டிக் செய்யும் எந்தப் பெட்டியும் இல்லை என்று நினைக்கிறேன்; இருந்தால் அந்தப் பக்கத்தின் பழைய பதிப்பைத் தேடி எடுத்து வையுங்கள்.

பொறி வைப்பது பற்றி நிறையப் பேர் கேட்பார்கள்: இல்லாத குளம் ஒன்றை நுழைத்து வைத்தால் திருடன் மாட்டுவானே என்று. மாட்டுவான். ஆனால் எடுத்தான் என்பதைத்தான் அது நிரூபிக்கும், எடுக்கக் கூடாது என்பதை நிரூபிக்காது. ரூரலின் நான்கு பொய்ப் பதிவுகளைப் பார்த்தோம். 1992-இல் நியூயார்க் வரைபட வழக்கு ஒன்றில், உண்மை என்று காட்டி விற்ற பொய்த் தெருப்பெயர்களுக்கும் பதிப்புரிமை இல்லை என்றே சொல்லிவிட்டார்கள். அதோடு, நீர்நிலைத் தரவில் பொய்க் குளம் வைத்து, வெள்ளத் தடுப்புத் திட்டம் போடுகிறவர் அதை நம்பிவிட்டால்? எனக்கு இந்த வேலை பிடிக்காது. தேவையும் இல்லை. ஆர்ட்னன்ஸ் சர்வே பிரிட்டனின் ஆட்டோமொபைல் அசோசியேஷனை மடக்கியது சாலை அகலம் போன்ற தங்கள் வரைகலைப் பழக்கங்களின் சாயலை வைத்து; 2001-இல் 2 கோடி பவுண்டுக்குச் சமரசமானது. உங்கள் கோப்பிலும் அந்தச் சாயல் இருக்கும். முனைப்புள்ளிகளின் இடைவெளி, வாய்க்காலை வெட்டிய இடம், நீங்களே செய்த எழுத்துப் பிழைகள்.

மேசன் கதையில் ஒரு வால் மிச்சம் இருக்கிறது. 118 வரைபடங்களில் ஒன்றை மட்டும்தான் அவர் 1968-இல் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிந்திருந்தார். மற்ற 117-ஐ மீறல் தெரிந்த பிறகு, 1987-இல் பதிந்தார். அமெரிக்கச் சட்டத்தில் பொதுவாக, மீறல் தொடங்கும் முன் பதியாத படைப்புக்குச் சட்டம் நிர்ணயித்த நஷ்டஈடும் வக்கீல் செலவும் கிடையாது. உண்மையான நஷ்டத்தைக் கணக்குக் காட்டி நிரூபிக்க வேண்டும். கோட்பாட்டில் ஜெயித்தவர் கையில் கிடைத்தது ஏன் சுருங்கியது என்றால் இதனால்தான். இந்தியா உள்ளிட்ட பல நாடுகளில் பதிவு கட்டாயமில்லை, என்றாலும் அந்த நிறுவனம் அமெரிக்காவில் விற்கிறது என்றால் உங்கள் அடுத்த பதிப்பை வெளியிட்ட கையோடு பதிந்துவிடுங்கள். பழைய பதிப்பின் மீறலுக்கு அது உதவாது.

இந்த வாரம் செய்ய வேண்டியது கடிதம் எழுதுவது இல்லை. கோப்பைத் திறந்து மூல நெடுவரிசை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரிசைகளைப் பிரித்து எண்ணுங்கள். இல்லையென்றால் அவர்களுடைய அந்தக் காலத்துப் பதிப்பை இறக்கி முனைப்புள்ளிகளை ஒப்பிட்டுப் பிரியுங்கள். பிறகு உங்கள் நான்கு பேரும் தனித்தனியாக, நினைவில் நிற்கும் சிக்கலான இருபது ஏரிகளை எழுதட்டும்: எந்த மூலம் எதோடு முரண்பட்டது, யார் என்ன முடிவு எடுத்தார், ஏன். பழைய மின்னஞ்சலிலோ அரட்டையிலோ அந்த விவாதம் கிடைத்தால் தேதியோடு எடுத்து வையுங்கள். வாய்க்காலை எங்கே வெட்டுவது என்று என்றோ ஒரு இரவு இருவர் சண்டை போட்டிருப்பீர்கள். வக்கீலிடம் முதலில் காட்ட வேண்டிய காகிதம் அதுதான்.